பாடம் செய்த விலங்கைப் படம் எடுப்பது வீண் வேலையா?

வாசகர் கேள்வி, 2 ஆகஸ்ட் 2025

மியூசியத்தில் கண்ணாடிக்குள் நிற்கிற செத்த புலியை எதற்கு இத்தனை பேர் மெனக்கெட்டுப் படம் எடுக்கிறீர்கள்? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு வீட்டுப் பக்கத்திலேயே காடு இருக்கிறது. அஞ்செட்டிப் பக்கம் போனால் உயிரோடு யானையே பார்க்கலாம். பஞ்சடைத்த பொம்மையை எடுப்பது வீண் வேலை என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

3 ஆகஸ்ட், காலை

எனக்கு மாற்றுக் கருத்துதான். தர்மபுரியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று வருஷம் முழுக்க ஓடுகிற தொழில். இன்று ஆடிப்பெருக்கு, ஊரே ஒகேனக்கலில் இருக்கிறது, கடைக்கு யாரும் வரப்போவதில்லை, அதனால் உட்கார்ந்து எழுத நேரம் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது என்பதால் அந்த மாதங்களில் ஏதாவது ஓர் அருங்காட்சியகத்துக்குப் போய் விலங்குகளை எடுப்பது எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷப் பழக்கம். சென்னை எழும்பூர், கோவையில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம், திருவனந்தபுரம், மைசூர் என்று போயிருக்கிறேன், சில இடங்களுக்கு மூன்று நான்கு தடவை.

முதலில் அந்த 'பஞ்சடைத்த பொம்மை'. நம் பக்கம் பெரியவர்கள் 'பாடம் செய்த புலி' என்பார்கள், புகையிலையைப் பாடம் போடுகிற அதே பாடம்தான். பஞ்சையும் வைக்கோலையும் திணித்துத் தைத்தது ஆரம்ப காலத்து வேலை. பிறகு வந்தவர்கள் விலங்கை அங்குலம் அங்குலமாக அளந்து, களிமண்ணில் தசையையும் நரம்பையும் செதுக்கி, அதற்கு அச்சு எடுத்து, அச்சில் காகிதக் கூழும் சாக்குத் துணியும் வைத்து உள்ளே கூடான உடம்பு செய்து, அதன் மேல் தோலைப் போர்த்தினார்கள். அமெரிக்காவில் கார்ல் ஏக்லி என்பவர் இதில் பெரிய ஆள். நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆப்பிரிக்க விலங்குக் கூடம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் 1926இல் காங்கோவில் இறந்து பத்து வருஷம் கழித்து 1936இல் திறந்தார்கள். நமக்குப் பக்கத்தில் மைசூரில் வான் இங்கன் குடும்பம் இருபதாம் நூற்றாண்டு முழுக்க இந்தத் தொழில் செய்தது. அவர்கள் கை வழியாகப் போன புலியும் சிறுத்தையும் மட்டும் 43,000 என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்த எண்ணை முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் வேறு எதுவும் ஓடவில்லை. ஒவ்வொன்றும் ஒரு காட்டில் நடந்து திரிந்த விலங்கு. அதைப் பொம்மை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

3 ஆகஸ்ட், இரவு

காட்டுக்குப் போகலாமே என்பதற்கு: போகிறேன். காவேரி வடக்கு சரணாலயத்தின் ஓரம் தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி எல்லாம் எனக்குப் பழக்கமான சாலைகள்தான். யானையைப் பார்த்திருக்கிறேன், சாம்பல் நிற மலை அணிலைக் காவிரிக்கரை மருத மரத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் அணிலின் மீசை மயிர் எந்த இடத்தில் முளைக்கிறது, கரடியின் நகம் எந்த அளவுக்கு வளைந்திருக்கிறது என்பதையெல்லாம் ஒரு மணி நேரம் நின்று பார்க்கக் காடு விடாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அரை அடி தூரத்தில் நின்று பார்க்கிற பார்வை வேறு.

5 ஆகஸ்ட்

ஓசூரிலிருந்து ஒருவர், போனில் எடுத்தால் என் முகமும் ஜன்னலும்தான் கண்ணாடியில் விழுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். ஒட்டினால் நடுவில் பிரதிபலிப்பு புக இடமே இருக்காது. கேமரா என்றால் லென்ஸ் முனையில் மாட்டுகிற ரப்பர் ஹூட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகம் இல்லை, கண்ணாடியில் கீறலும் விழாது. முழு விலங்கும் வர வேண்டும், தள்ளி நின்றுதான் ஆக வேண்டும் என்றால் கறுப்புத் துணி. நான் பழைய கறுப்புக் குடைத் துணியை ஒன்றரை மீட்டருக்கு வெட்டி, நடுவில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் யாராவது பிடித்துக்கொண்டால் கண்ணாடி இருப்பதே தெரியாது. சட்டையும் கறுப்பாக இருக்கட்டும். கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையோடு போய் ஒரு முறை முழு நாளும் வீணானது.

போலரைசர், அதாவது பளபளப்பைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டுகிற ஃபில்டர், அதைப் பற்றியும் கேட்டிருந்தார். நேராக நின்றால் அது உதவாது. கண்ணாடிக்கு நேர்கோட்டிலிருந்து ஐம்பது அறுபது டிகிரி சாய்ந்து நின்றால்தான் பளபளப்பை வெட்டும், வெளிச்சத்தையும் ஒன்றரை இரண்டு ஸ்டாப் தின்றுவிடும், ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகிறது என்று அர்த்தம். ஏற்கெனவே இருட்டான கூடத்தில் அது பெரிய விஷயம்.

ட்யூப் லைட் கூடத்தில் ஷட்டர் 1/60 நொடியில் வைத்தால் போதும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம், ஒரு ஃப்ளாஷ் பட்டாலே முடி வெளுத்துவிடும்.

போனில் போர்ட்ரெய்ட் மோடைத் தயவுசெய்து அணைத்துவிடுங்கள். பின்புறத்தை மங்கலாக்குகிறேன் என்று மீசை மயிரைப் பாதியில் வெட்டிவிடுகிறது. மீசை இல்லாத சிறுத்தை படங்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

6 ஆகஸ்ட்

நேற்று எழுதியதில் இரண்டு தவறு.

ஒன்று, 1/60. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ட்யூப் லைட் நொடிக்கு நூறு தடவை ஏறி இறங்குகிறது. அதனால் 1/50 அல்லது 1/100 வைத்தால்தான் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு விழாமல் இருக்கும். 1/60 என்பது 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் இருக்கிற அமெரிக்காவின் கணக்கு. ஏதோ வீடியோவில் கேட்டது மனதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் பழைய படங்களைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

இரண்டு, ஃப்ளாஷ். ஒரு ஃப்ளாஷில் முடி வெளுக்காது, மிகைப்படுத்திவிட்டேன். முடியையும் இறகையும் கெடுப்பது நாள் முழுக்க ஜன்னல் வழியாக விழுகிற வெயிலும், வருஷக்கணக்கில் எரிகிற விளக்கும். இப்படிப்பட்ட பொருள்கள் மேல் விழும் வெளிச்சம் 50 லக்ஸுக்குள் இருக்க வேண்டும் என்பது அருங்காட்சியகத் துறையின் பொது விதி. நம் வீட்டுக் கூடத்தில் சாயங்காலம் ஒரு பல்பு போட்டால் கிடைக்கிற வெளிச்சம்தான் அது. ஜன்னல் ஓரத்தில் நிற்கிற விலங்கின் ஒரு பக்கம் மட்டும் வைக்கோல் நிறத்துக்கு வந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஃப்ளாஷ் போடாதீர்கள். பல இடங்களில் தடை இருக்கிறது, கண்ணாடியில் வெடித்துப் படமும் போய்விடும்.

தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதையும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். கேமராவுக்குத் தனிச் சீட்டு கேட்பார்கள், வாங்கிவிடுங்கள்.

10 ஆகஸ்ட்

கண்ணைப் பற்றி எழுத வேண்டும் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாடம் செய்த விலங்கில் கண் மட்டும் அந்த விலங்கினுடையது கிடையாது, அது கண்ணாடி. படம் நன்றாக வருவதும் கெடுவதும் அங்கேதான். விளக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்து, அந்த விளக்கின் ஒரு புள்ளி கண்ணின் மேல் பாதியில் விழுகிற இடத்துக்கு நகர்ந்து நில்லுங்கள். மணப்பெண்ணை எடுக்கும்போது செய்கிற அதே வேலை. புள்ளி இல்லாத கண் குழி மாதிரி இருக்கும்.

கண்மணியையும் பாருங்கள். புலி, சிறுத்தை, சிங்கம் மூன்றுக்கும் கண்மணி வட்டம். வீட்டுப் பூனைக்குத்தான் வெயிலில் நெட்டுக்குத்தாகக் கீற்றுப் போல சுருங்கும். ஆட்டுக்கும் மானுக்கும் படுக்கை வாட்டம். ஓர் இடத்தில் சிறுத்தைக்குப் பூனைக் கண் வைத்திருந்தார்கள். செய்தவர் கையில் அன்று எந்தக் கண் இருந்ததோ. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அந்தக் கண் மேல் தூசி படிந்து, யாரோ துடைத்த விரல் தடம் ஒன்று வளைவாக இருந்தது.

இதைச் சொன்னால் அப்பாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்த ஸ்டுடியோ அவர் தொடங்கியது. அந்தக் காலத்தில் சாவு வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்புவார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு படம்கூட எடுக்காதவர்கள் நிறைய. நாற்காலியில் உட்காரவைத்து, வாய்க்கட்டு போட்டு, மாலை போட்டு, மகன்களும் மருமகள்களும் சுற்றி நிற்க அப்பா எடுப்பார். எடுத்துவந்த பிறகு சிலர், கண் திறந்திருக்கிற மாதிரி போட்டுக் கொடுங்கள் என்பார்கள். நெகடிவில் பென்சிலால் தீட்டினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். அது வெள்ளை விழி. அப்புறம் பிரிண்டின் மேல் மெல்லிய பிரஷ்ஷால் கறுப்பு மையில் கண்மணி. நான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கு பிடித்திருக்கிறேன்.

ஒரு தடவை காரிமங்கலம் பக்கத்து அம்மா ஒருவர் பிரிண்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது யார் கண்ணுங்க?" என்று கேட்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை. இருட்டறைக்குள் போய், பென்சில் பூச்சைத் துடைத்துவிட்டு, கண் மூடிய படியே வேறொரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு யார் கேட்டும் அவர் கண் வரைந்ததில்லை.

11 ஆகஸ்ட்

அப்பா இப்போதும் இருக்கிறாரா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை, ஆறு வருஷம் ஆகிறது. அவர் படத்தைக் கடையில் மாட்டியிருக்கிறேன், கண் திறந்தபடி உயிரோடு எடுத்தது.

தாத்தா காலத்து மான் கொம்பு வீட்டில் இருக்கிறது, அதைப் படம் எடுத்து இங்கே போடலாமா என்று கேட்டவருக்கு: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்படிப்பட்ட பொருளை வைத்திருக்க உரிமைச் சான்று வேண்டும், விற்கவே கூடாது. படம் போடுவதற்கு முன்னால் தெரிந்த வக்கீல் ஒருவரைக் கேளுங்கள்.

17 ஆகஸ்ட்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். கண்ணைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு இதை மறைப்பது சரியாக இருக்காது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் அருங்காட்சியகத்தில் ஒரு சிறுத்தையை எடுத்தேன். சரிவில் இறங்குகிற வாட்டத்தில் நிற்கும், தலை கொஞ்சம் கீழே. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டு, கீழே இருந்த பெயர்ப் பலகையை வெட்டி, கூண்டின் மரச் சட்டத்தை வெட்டி, பின்னால் வரைந்திருந்த மலையை இருட்டாக்கி, நீலம் கொஞ்சம் ஏற்றி, ராத்திரியில் எடுத்த மாதிரி ஆக்கினேன். அழகாக வந்தது. சொந்தக்காரர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார்த்தையும் எழுதாமல் போட்டேன்.

நான்காம் நாள் அதே படம் வேறொரு குழுவிலிருந்து எனக்கே வந்தது. கூடவே ஒரு குரல் பதிவு: மாரண்டஅள்ளி பக்கம் கல்குவாரியில் சிறுத்தை, ராத்திரி யாரும் வெளியே வராதீர்கள், ஆட்டைக் கட்டிவையுங்கள். குரல் யாருடையது என்று தெரியாது. மாரண்டஅள்ளி என் பாட்டி ஊருக்குப் பக்கம். போன் போட்டு விசாரித்தால், ஊரில் மூன்று நாளாக மேய்ச்சலுக்கு ஆடு ஓட்டவில்லை என்றார்கள்.

வெட்டாத படத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு மறுநாள் காலையில் போனேன். முதலில் வனத்துறை அலுவலகம். அங்கே இருந்தவர் படத்தை வாங்கிப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இதை முதல்லயே இப்படியே போட்டிருக்கலாமே தம்பி" என்றார். அப்புறம் ஊர். பன்னிரண்டு ஆடு வைத்துப் பிழைக்கிற ஒரு பாட்டி, மூன்று நாளும் வேப்பங்குழையும் அகத்தியும் காசு கொடுத்து வாங்கிப் போட்டிருக்கிறார். அவரிடம் படத்தைக் காட்டி, இது செத்த சிறுத்தை, கண்ணாடிப் பெட்டிக்குள்ளே இருக்கு, நான்தான் எடுத்தேன் என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. "அப்போ இன்னைக்கு ஓட்டலாங்களா?" என்று மட்டும் கேட்டார். குழைக்கு ஆன காசைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து, எத்தனை அழகாக எடுத்தாலும் அதே விலங்கின் பெயர்ப் பலகையோடு ஒரு படம், தையல் தெரிகிற மாதிரி ஒரு படம் கட்டாயம் எடுத்து, மூன்றையும் சேர்த்துத்தான் யாருக்கும் அனுப்புகிறேன்.

17 ஆகஸ்ட், பின்னிரவு

தூக்கம் வரவில்லை, ஒன்று சேர்த்துவிடுகிறேன். பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துகிற காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2017இல் ஒரு படம் பரிசு வாங்கியது. பிரேசிலின் எமாஸ் தேசியப் பூங்காவில் ராத்திரி, கரையான் புற்று முழுக்கப் பூச்சிகளின் பச்சை வெளிச்சம், புற்றை நோக்கி வருகிற எறும்புதின்னி. அந்தப் பூங்காவின் வாயிலில் வைத்திருந்த பாடம் செய்த எறும்புதின்னியும் இதுவும் ஒன்று என்று யாரோ தகவல் சொல்ல, விஞ்ஞானிகள் ஐந்து பேர் தனித்தனியாக ஒப்பிட்டார்கள். நிற்கிற வாட்டம், ரோமத்தின் சுழி, குறிகள் எல்லாம் ஒத்துப்போவதாகச் சொன்னார்கள். 2018 ஏப்ரலில் படத்தைத் தகுதி நீக்கம் செய்தார்கள். எடுத்தவர் கடைசிவரை மறுத்தார். எதை வைத்து ஒப்பிட்டார்கள் என்பதுதான் என்னை நிறுத்தியது. ரோமச் சுழி. அவ்வளவு நுணுக்கமாக ஒரு விலங்கைப் பார்க்க முடிகிற இடம் அந்தக் கண்ணாடிக்கூண்டு.

18 ஆகஸ்ட்

'அப்படியானால் உயிருள்ளது போல எடுப்பதே தப்பா?' என்று கேள்வி வந்திருக்கிறது. இல்லை. ஹிரோஷி சுகிமோட்டோ என்ற ஜப்பானியர் 1970களில் நியூயார்க் அருங்காட்சியகத்தில் இதைத்தான் செய்தார். திரை வரைந்து, முன்னால் விலங்கு நிற்கிற காட்சியை இரண்டு கண்ணாலும் பார்த்தால் செட்டு என்று தெரிந்தது, ஒரு கண்ணை மூடியதும் உயிர் வந்துவிட்டது என்கிறார். கேமராவுக்கு ஒரு கண்தானே. பெரிய பிலிம் கேமராவை வைத்து, நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்து வைத்துக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். எங்கே எடுத்தது என்பதை மறைக்கவில்லை. நான் மறைத்தேன். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

மைசூரில் காரஞ்சி ஏரிக்கரையில் இருக்கிற இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு மகளைக் கூட்டிப்போனபோது ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னேன். கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றவள், "அப்பா, பின்னாடி இருக்கிற மரம் தூரமாப் போயிடுச்சு" என்றாள். நீங்களும் செய்து பாருங்கள், காசு செலவில்லை.

எங்கள் ஸ்டுடியோவிலும் ஒரு திரை இருந்தது. வளைந்த படிக்கட்டு, பூந்தொட்டி, தூரத்தில் ஏரி. அதன் முன்னால் நின்று எடுத்துக்கொள்ளாத குடும்பம் இந்த ஊரில் குறைவு.

24 ஆகஸ்ட்

நேற்று தர்மபுரி அகழ்வைப்பகத்துக்கு நடுகல் எடுக்கப் போயிருந்தேன். புலி குத்திப் பட்டவன் கல் நம் இரண்டு மாவட்டத்திலும் நிறைய உண்டு. வீரன் குறுவாளைப் புலியின் மேல் இறக்குகிறான், புலி பின்னங்காலில் எழுந்து நிற்கிறது, வால் மேலே சுருண்டிருக்கிறது. சில கல்லில் புலி நாய் அளவுக்குத்தான் இருக்கும். முன்பெல்லாம் இது செதுக்கியவருக்கு வரவில்லை என்று நினைப்பேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. செத்தது யார் என்று ஊருக்குச் சொல்வதுதான் அந்தக் கல்லின் வேலை, அதனால் மனிதன் பெரிதாக இருக்கிறான்.

பார்க்காமல் செய்தது என்றால் ஸ்வீடனில் கிரிப்ஸ்ஹோம் கோட்டைச் சிங்கம். அல்ஜீரிய ஆட்சியாளர் 1731இல் அரசருக்குப் பரிசாக அனுப்பியது. அது செத்துப் பல காலம் கழித்து, தோலும் எலும்பும் மட்டும் கைக்கு வந்தவர் சிங்கத்தையே பார்க்காதவர் போலிருக்கிறது, முகம் வேறு என்னவோ ஆகிவிட்டது. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஒரு கடல்பசு மாதிரிப் பெரிய விலங்கு, வால்ரஸ், தோலில் மடிப்பு இருக்க வேண்டும் என்று தெரியாமல் மடிப்பே இல்லாமல் உப்ப வைத்திருக்கிறார்கள். இரண்டின் படமும் இணையத்தில் சிரிப்புக்குச் சுற்றுகிறது. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஒரு தோலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இது எப்படி நடந்திருக்கும் என்று ஒரு மனிதன் யோசித்திருக்கிறான்.

பாட்டி வீட்டில் நான் பார்த்த முதல் பாடம் செய்த விலங்கு தோல் கன்று. ஈன்று பத்து நாளில் கன்று செத்துப்போனது. மாடு கத்திக்கொண்டே இருந்தது, பால் விடவில்லை. தோலை உரித்து, உப்புப் போட்டுக் காயவைத்து, வைக்கோல் திணித்து, கோணி ஊசியால் வயிற்றைத் தைத்தார்கள். காலுக்கு நான்கு குச்சி. கண் இருந்த இடத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். மாட்டின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால், அது முகர்ந்து பார்த்துவிட்டு நக்க ஆரம்பித்தது, பாட்டி அந்தப் பக்கம் உட்கார்ந்து பால் கறந்தார். தினமும் நக்கி நக்கி முதுகில் ஓர் இடத்தில் முடி படிந்து வழவழப்பாகிவிட்டது. மாட்டுக்குக் கண் தேவைப்படவில்லை. அந்த முதுகை ஒரு படம் எடுத்திருக்கலாம், அப்பா கேமரா பக்கத்திலேயே இருந்தது, எனக்கு வயது எட்டு.

25 ஆகஸ்ட்

திருத்தம்: வால்ரஸைக் கடல்பசு மாதிரி என்று எழுதியது தப்பு. கடல்பசு வேறு இனம், நம் பாக் விரிகுடாவில் இருப்பது. வால்ரஸ் சீல் குடும்பத்துக்குப் பக்கம், தந்தம் உண்டு, வட துருவக் கடல். சொன்னவருக்கு நன்றி.

குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு ஒரு விஷயம். திறந்த மேடையில் நிற்கிற பழைய விலங்கைத் தடவ விடாதீர்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் தோலின் உட்புறம் ஆர்செனிக், அதாவது பாஷாணம் கலந்த சோப்பைப் பூசினார்கள். அது இன்னும் போகாமல் இருக்கும். பாச்சா உருண்டை வாசம் அடிக்கிறது, வேறொன்றும் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

2 செப்டம்பர்

முதல் கேள்வி 'வீண் வேலையா' என்பது. இன்றைய தேதியைப் பார்த்ததும் அதற்கு நேரான பதில் நினைவுக்கு வந்தது.

2018 செப்டம்பர் 2 ராத்திரி ரியோ டி ஜெனிரோவில் பிரேசில் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. 1818இல் தொடங்கியது, அந்த வருஷம்தான் இருநூறு வயது. இரண்டு கோடிப் பொருள்களுக்கு மேல் இருந்த இடம், பெரும்பகுதி போய்விட்டது. மறுநாளே அங்கே அருங்காட்சியியல் படிக்கிற மாணவர்கள், உள்ளே போய் எடுத்த படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள் என்று பொதுமக்களைக் கேட்டார்கள். செல்ஃபி இருந்தாலும் பரவாயில்லை என்றார்கள். ஆயிரக்கணக்கில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் எடுத்த படங்கள்.

நம் நாட்டிலும் அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2016 ஏப்ரல் 26 அதிகாலை, டெல்லி தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எரிந்தது. 1978இல் திறந்தது. பாடம் செய்த விலங்குகள், பட்டாம்பூச்சிகள் எல்லாம் சாம்பல். நான் அங்கே போனதில்லை. போக வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன்.

3 செப்டம்பர்

கேள்வி கேட்ட நண்பர் பதில் எழுதியிருக்கிறார். எழும்பூருக்குப் பத்து வயதில் போனபோது திமிங்கில எலும்புக்கூட்டுக்குக் கீழே நின்று எடுத்த படம் வீட்டில் இருக்கிறது, தேடி எடுக்கிறேன் என்கிறார். எடுங்கள். பின்புறம் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

21 செப்டம்பர்

புரட்டாசி வந்துவிட்டது, எங்கள் பக்கம் முகூர்த்தம் குறைவு, இரண்டு நாள் கிடைத்தது. அந்தச் சிறுத்தையைப் பார்க்கப் போனேன். பெயர்ப் பலகையோடு சேர்த்து ஒழுங்காக எடுத்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

இடது காது உடைந்திருந்தது. மேல் ஓரம் ஒரு விரல் அகலத்துக்கு இல்லை. உள்ளே காகிதக் கூழின் பழுப்பு நிறம் தெரிந்தது, நான்கைந்து முடி அதன் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. கூண்டை இடம் மாற்றியபோது நடந்திருக்கும் என்று காவலர் சொன்னார். காப்பாட்சியரைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். இளம் வயதுக்காரர், வந்து ஏழெட்டு மாதம்தான் ஆகிறதாம். காதைச் சரிசெய்ய ஆள் வருகிறார்கள், ஆனால் முன்னால் அது எப்படி இருந்தது என்பதற்கு எங்களிடம் இருப்பது பதிவேட்டில் தூரத்திலிருந்து எடுத்த ஒரு சின்னப் படம்தான், மேல் ஓரத்தில் கறுப்பு எவ்வளவு, வெள்ளைப் பொட்டு எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை என்றார்.

என்னிடம் இருக்கிறது என்றேன். வெட்டாத படம், 24 மெகாபிக்ஸல், பலகை, மரச் சட்டம், பின்னால் வரைந்த மலை எல்லாவற்றோடும். இரண்டு வருஷமாக அதைத் திறக்கவே மனசில்லாமல் ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டு வைத்திருந்தேன். இன்று சாயங்காலம் கடைக்கு வந்ததும் திறந்து காதை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு ஓரம் மெல்லியது, நடுவில் வெள்ளைப் பொட்டு, நுனியில் ஒரு சின்னப் பிளவு, அது அந்த விலங்கு உயிரோடு இருந்தபோதே விழுந்ததாக இருக்கலாம், ஓரம் ஆறின காயம் போல மழுங்கியிருக்கிறது.

அனுப்பிவிட்டேன். பிளவை அடைக்காமல் அப்படியே விடச் சொல்லித் தனியாக ஒரு வரி எழுதினேன். வேறு கோணத்தில் எடுத்தது இருந்தால் அதையும் கேட்டிருக்கிறார், நாளைக் காலை தேட வேண்டும்.